அறுபத்தொன்று முதல் அறுபத்தேழு வரை

சண்முகப்பிரியாவின் ஆய்வுக் கட்டுரை நான்கே நாளில் திரும்பி வந்துவிட்டது.

அவள் அம்மா சென்னியம்மாள் அப்போது தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி வெட்டிக்கொண்டிருந்தாள். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை கைக்கு எட்டிவிடும்போலத் தெரிகிற இடத்தில் அவர்களுடைய நாலு ஏக்கர். ஆனி மாதத்து மேல்காற்று மட்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மகள் கையில் செல்போனோடு வரப்பில் வந்து நிற்பதைப் பார்த்ததும் சென்னியம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு, மொகம் ஒரு மாதிரியா இருக்குது?"

"பேப்பர் திரும்பி வந்துருச்சுங்கம்மா. வேண்டாம்னுட்டாங்க."

"நாலு நாளைக்குள்ளயா? அத்தனை பக்கத்தையும் படிச்சாங்களா?"

"முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்க. மொதல்ல எடிட்டர் ஒருத்தர் மேலாப்புல பாப்பாருங்கம்மா. அவிய பத்திரிகைக்குத் தோதா இருக்குதா, புதுசா எதாச்சும் சொல்லியிருக்குதான்னு. இல்லீன்னா அங்கயே திருப்பி உட்ருவாரு."

"காரணம் சொல்லோணுமல்ல?"

"ரெண்டு வரி சொல்லியிருக்காரு. ஒரே தோட்டத்துல செஞ்ச சோதனை, உலகம் முச்சூடும் படிக்கறவங்களுக்கு அவ்வளவா ஆகாதுன்னு."

சென்னியம்மாள் சிறிது யோசித்தாள். "ஒரே தோட்டங்கறது நெசந்தான?" என்றாள்.

பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் சென்னியம்மாள். ஆனாலும் எந்தக் காரியத்தையும் அது எப்படி நடக்கிறது என்று கேட்காமல் விடமாட்டாள். போர் போட வந்த லாரிக்காரனிடம் இரண்டு நாள் பக்கத்திலேயே நின்று கேட்டுக் கேட்டு, அவன் மூன்றாம் நாள் இந்த அம்மா வராதா என்று எதிர்பார்க்கிற அளவுக்கு ஆனது. மகள் வேளாண்மையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, சோதனைக்கு வாடல் நோய் கண்ட தோப்பு ஒன்று வேண்டும் என்ற பேச்சு வந்தது. எங்கேயோ ஏன் போகவேண்டும், நம்முடைய மரமே வாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று தோப்பைக் கொடுத்தவள் அவள்தான்.

சோதனை எளிமையானது. எண்பது மரம். எட்டுப் பிரிவு, பிரிவுக்குப் பத்து மரமாக எண் போட்டுத் தகடு அடித்தார்கள். சீட்டுக் குலுக்கி நாலு பிரிவுக்கு மருந்து, நாலு பிரிவுக்கு ஒன்றுமில்லை. மருந்து என்பது ஆய்வுக்கூடத்தில் வெல்லப்பாகில் வளர்த்த ஒரு நுண்ணுயிர்க் கரைசல். மருந்து மரத்துக்குச் சிவப்பு வளையம், சும்மா விட்ட மரத்துக்கு வெள்ளை வளையம் தீட்டினார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பிரியா கேன்களோடு வந்து, நீல டிரம்மில் கரைத்து, சிவப்பு வளைய மரங்களின் வேரில் அளந்து ஊற்றுவாள். இரண்டு வருடம் இப்படி. மட்டை எத்தனை, பாளை எத்தனை, குரும்பை எத்தனை உதிர்ந்தது என்று எண்ணி எண்ணி எழுதியதுதான் அந்தக் கட்டுரை. அது ஏதாவது ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டால்தான் அவளுடைய ஆய்வேட்டை வாங்குவார்கள். டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள்.

அந்த வாரமே பிரியா கட்டுரையை வேறோர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். பத்தாம் நாள் பார்த்தால் நிலை மாறியிருந்தது.

"எடிட்டர் உள்ள உட்டுட்டாருங்கம்மா. இனி ரிவ்யூக்குப் போகுது."

"அப்படின்னா?"

தேங்காய் போட்டிருந்த நாள் அது. களத்தில் காய் மலைபோலக் கிடந்தது. கூலிக்கு வந்த வரலட்சுமி மட்டை பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் காய்களை இரண்டிரண்டாக எடுத்துத் தட்டி, சத்தம் கேட்டு, அழுகலை ஒதுக்கிக்கொண்டே மகளைப் பேசவிட்டாள்.

"இந்த விசியம் தெரிஞ்சவிய ரெண்டு பேர்த்துக்கு எடிட்டர் அனுப்புவாரு. எந்த ஊர்ல இருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. அவிய பேரு நமக்குத் தெரியாது, நம்ம பேரு அவியளுக்குத் தெரியாது. படிச்சுப்போட்டு, எது சரி, எது ஒப்பலைன்னு எழுதுவாங்க. அத வெச்சு எடிட்டர் முடிவு பண்ணுவாரு."

"அவியளுக்குச் சம்பளம்?"

"இல்லீங்கம்மா."

சென்னியம்மாளின் கை நின்றது. "சும்மாவா படிக்கறாங்க? எதுக்கு?"

"அவிய எழுதறத வேற யாரோ அப்படித்தான படிக்கறாங்க. மொறதான். நம்ம ஊருல ஒருத்தரு காட்டு வேலைக்கு இன்னொருத்தரு போறதில்லையா, அப்புடி."

"அதுல மொகத்தப் பாத்துட்டுப் போறம். இது மொகமே தெரியாம." அவள் இன்னும் இரண்டு காயைத் தட்டினாள். "பேரு தெரியலீன்னா வேணுங்கறதுக்கே ஒருத்தரு குத்தஞ்சொல்ல மாட்டாங்களா?"

"சொல்றதும் உண்டுங்க. பேரு தெரியாததுனால பயமில்லாம நெசத்தச் சொல்றதும் உண்டு."

அன்று முதல் சென்னியம்மாள் தினமும் காலையில் கேட்பாள். வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று விசாரிப்பதுபோல, "இன்னைக்கு எங்க நிக்குது?" என்பாள். பிரியா செல்போனைப் பார்த்து, "அங்கயேதானுங்க" என்பாள். ஆடி போய் ஆவணி வந்தது. "ஒருத்தர் முடிச்சுட்டார்போல இருக்குதுங்கம்மா, இன்னொருத்தர் கையில கெடக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். பிந்துகிற அந்த இரண்டாம் ஆளைப் பற்றிச் சென்னியம்மாளுக்கு ஒரே யோசனை. காய்ச்சலில் கிடக்கிறாரோ, அவர் வீட்டில் விசேஷமோ, இல்லை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

ஐப்பசி முதல் வாரத்தில் பதில் வந்தது. நிராகரிக்கவில்லை. நிறையத் திருத்தம் கேட்டிருந்தார்கள். பிரியா அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னாள். அப்பா காளிச்சாமி சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வட்டலில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். உண்டுகொண்டே கேட்டார்.

முதல் மதிப்பீட்டாளர் நல்லவராகத் தெரிந்தார். தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஆரம்பித்து, ஒரே ஒரு பெரிய சந்தேகம் கேட்டிருந்தார். மருந்து இட்ட இரண்டாம் பிரிவில் பத்து மரம் இருந்தது, இரண்டாம் வருடம் ஏழுதான் இருக்கிறது, மூன்று மரம் எங்கே போயிற்று?

காளிச்சாமி சோற்றை விழுங்கிவிட்டு, "யானை சாச்சுப்போட்டுதுன்னு எழுது" என்றார்.

"எழுதித்தானுங்க இருக்கேன். அதுக்குத்தான் ஆதாரம் இருந்தாச் சேருங்கன்னு கேக்கறாரு."

"யானைகிட்டக் கையெழுத்தா வாங்கறது?"

"வனத்துறைக்கு மனுக் குடுத்தீங்கல்ல, போட்டோ ஒட்டி? அந்த நகல்ல பேரையும் ஊரையும் மறைச்சு அனுப்புனாப் போதும்."

அதுவரைக்கும் பேச்சு இலகுவாகத்தான் இருந்தது. இரண்டாம் மதிப்பீட்டாளர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். புகழ்ச்சி கிடையாது. எண் போட்டுக் கேள்வி, எண் போட்டுக் கேள்வி. பிரியா ஒன்பதாவதை வாசித்தாள்.

"மருந்து இடாத மரங்களில் அறுபத்தொன்று முதல் அறுபத்தேழு வரையுள்ளவை மருந்து இட்டவற்றைப் போலவே நடந்துகொள்கின்றன. அதே பிரிவில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது ஆகியவை மற்ற வெள்ளை வளைய மரங்களைப் போலச் சரிந்துகொண்டே போகின்றன. இந்த ஏழு மரங்களுக்கு மட்டும் என்ன நேர்ந்தது? கட்டுரை ஆசிரியர்கள் விளக்க வேண்டும்."

சென்னியம்மாள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்பு வட்டலின் விளிம்பில் இடித்து மோர் சிந்திவிட்டது.

அறுபத்தொன்று முதல் அறுபத்தேழு வரை கட்டுத்தறி ஓரத்து மரங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதும், சாணி அள்ளும்போதும், தினம் நாலு தடவை அவள் கண்ணில் படுபவை. சனிக்கிழமை மருந்து ஊற்றி முடித்ததும் டிரம்மில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பிரியா, "அத வேலியோரத்துக் குழில ஊத்திப்போடுங்கம்மா, மரத்துக்கு ஊத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். முதல் மாதம் குழியில்தான் ஊற்றினாள். இரண்டாம் மாதம் வாளியோடு நடக்கும்போது அறுபத்துநாலாம் மரம் குறுக்கே நின்றது. ஓலை விலா எலும்புபோல உள்வாங்கி வளைந்து கிடந்தது. நல்ல மருந்தைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டுவதா? ஊற்றினாள். பக்கத்து மரம் பார்க்காமலா இருக்கும்? அதற்கும் ஊற்றினாள்.

அதை இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, வெறும் எண்ணைப் பார்த்தே ஒரு மனுசன் கண்டுபிடித்திருக்கிறான். பயம் ஒரு பக்கம் இருக்க, அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பால் கறந்து முடித்தபின் கணவரிடம் சொன்னாள்.

"ஏனுங்க, அந்த ஏழு மரத்துக்கு நாந்தான் மருந்து ஊத்துனனுங்க."

காளிச்சாமி கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா?"

"பத்துப் பதினோரு மாசம் இருக்கும்."

அவர் கன்றைக் கட்டிவிட்டு வந்து கல்லில் உட்கார்ந்தார். "பேசாம இருந்துக்கோ புள்ள. டிசம்பருக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் கெடக்குது. அவ சாரு வாராராமா புதன்கெழம. படிச்ச மனுசரு, எதாச்சும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாரு."

"இல்லாத காரணத்த எப்படிங்க கண்டுபுடிப்பாரு?"

"அந்தக் கேள்வியெல்லாம் உனக்கெதுக்கு? அவளுக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

புதன்கிழமை பிரியாவின் ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் லட்சுமிநாராயணன் வந்தார். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்குள் நடக்கிறவர். ஏழு மரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். கட்டுத்தறிக்கு அந்தப்பக்கம் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடி வரப்பில் சேர்வதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரியா, இங்க பாரும்மா. ஈரம். ஏழு மரமும் இந்த வாய்க்காலை ஒட்டி நிக்குது. அறுபத்தெட்டுல இருந்து வாய்க்கால் திரும்பிடுது. வேர்ல எப்பவும் ஈரம் இருக்கறதால நோயைத் தாங்குதுன்னு எழுதலாம். இதுவே ஒரு நல்ல குறிப்பு. விவசாயிகளுக்கும் உபயோகப்படும்."

பிரியா வாய்க்காலையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரியா வருதுங்க சார்" என்றாள். மூன்று நாளாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது.

சென்னியம்மாள் கட்டுத்தறியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் கண்ணால் பார்க்கிற காரணம். வாய்க்கால் இருப்பது பொய்யில்லையே.

மதியச் சாப்பாட்டுக்குத் தோட்டத்து வீடான சாளையில் பாய் போட்டாள். கொள்ளுப் பருப்பு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். வரலட்சுமியும் வேலை முடிந்து ஓர் ஓரமாக வட்டலோடு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கை கழுவப் போகும்போது சென்னியம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க்கா, ஈரம் நிக்கோணும்னு சாரு சொல்றாருங்கல்ல? என்ற தம்பி தோட்டத்துலயும் முப்பது மரம் இப்படித்தானுங்க வாடிக் கெடக்குது. தண்ணியக் கட்டி நிறுத்தச் சொல்லிப் பொழுதோட போன் பண்றனுங்க."

வாடல் கண்ட மரத்தடியில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று சென்னியம்மாளுக்குத் தெரியும். தோப்பின் கீழ்க்கோடியில் பதினைந்து மரம் அப்படித்தான் வேர் அழுகிப் போனது. வரலட்சுமியின் தம்பிக்கு இருப்பதே அந்த முப்பது மரம்தான். இவள் ஒருத்தி காதில் விழுந்ததற்கே இப்படி என்றால், அச்சில் வந்தபின் எத்தனை பேர் காதில் விழும்?

"பண்ணாத வரலட்சுமி" என்றாள். சத்தம் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியம்மாள் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சாளைக்குள் வந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அது ஈரமில்லீங்க."

காளிச்சாமி, "ஏம்புள்ள" என்றார். அவள் நிறுத்தவில்லை.

"மிச்ச மருந்த நான் ஊத்திப்போட்டனுங்க. ஏழு மரத்துக்கும். மாசாமாசம். புள்ள குழில ஊத்தச் சொல்லித்தான் சொன்னா. எனக்கு மனசு கேக்கல."

பிரியா வட்டலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கட்டுத்தறி ஓரம் மரத்துக்கு மரம் அவள் நின்று நின்று போவது இங்கிருந்தே தெரிந்தது.

பேராசிரியர் பிசைந்த சோற்றை வட்டலின் ஓரமாக ஒதுக்கினார். "ரெண்டு வருஷ உழைப்புங்கம்மா" என்றார். பிறகு, கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியாததுபோல, "நானும் ஈரத்தை அளந்துகூடப் பாக்கலை. கண்ணுல பட்டதும் எழுதச் சொல்லிட்டேன்" என்றார். போகும்போது பிரியாவிடம் தனியாக ஏதோ பேசிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் பிரியா அம்மாவிடம் பேசவில்லை. கேட்டதற்கு ஆமாம், இல்லை. சென்னியம்மாளும் வேலையிலேயே கிடந்தாள். தேவையில்லாமல் கட்டுத்தறியை இரண்டு தடவை கூட்டினாள். மூன்றாம் நாள் காலை பிரியா நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இன்னும் இருந்தது, ஆனால் பேனாவைத் திறந்துவிட்டாள்.

"எந்த மாசம் ஆரம்பிச்சீங்க?"

"சித்திர பொறந்து, சித்தரக்கனி கழிஞ்சு வந்த சனிக்கெழம."

"மரத்துக்கு எவ்வளவு?"

"அரை வாளி. அறுபத்துநாலுக்கு மட்டும் ஒரு வாளி, அது நெம்ப மோசமாக் கெடந்துது."

"எல்லா மாசமும் ஒரே அளவா?"

"இல்ல கண்ணு. மிச்சம் எவ்வளவு இருக்குதோ அதப் பொறுத்து. பொரட்டாசில கம்மி. அப்ப நீ ரெண்டு கேன்தான் கொண்டாந்த."

பிரியா நிமிர்ந்து பார்த்தாள். தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். அந்தப் புரட்டாசியில் இரண்டு கேன்தான்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"மாசில யானை வந்துதல்ல, அதோட. டிரம்மு நசுங்கிப் போயிப் புது டிரம்மு வாங்குன. அதுல மிச்சமே நிக்கல."

அரை நாள் இப்படிக் கேள்வியும் பதிலுமாகப் போனது. கேட்கக் கேட்க பிரியாவின் குரல் மாறியது. கோபம் எங்கோ நழுவி, அடுத்தது என்ன என்கிற ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் சென்னியம்மாளுக்கும் துணிவு வந்தது.

"அந்த ஏழையும் மருந்து குடுத்த மரத்துக் கணக்குல சேத்திக்கலாமல்ல? பொழச்சுத்தான நிக்குது?"

"கூடாதுங்கம்மா. நீங்க அளந்து ஊத்தல. மோசமா இருந்ததாப் பாத்து ஊத்தியிருக்கீங்க. நாங்க சீட்டுக் குலுக்கிப் போட்டது எதுக்கு? யாரு மனசும் அதுல கலக்கக் கூடாதுன்னுதான். ஏழையும் ரெண்டு பக்கத்துலயும் எடுத்தரோணும். எடுத்துட்டு, ஏன் எடுத்தோம்னு சொல்லோணும்."

"நாந்தான் ஊத்துனேன்னா?"

"தோட்டத்து உரிமையாளர்னு எழுதுவேன்."

"பேரப் போடு. எனக்கென்ன."

"பேரு போட்டா அவியளுக்கு நாம யாருன்னு தெரிஞ்சிருமுங்கம்மா. கூடாது." மூன்று நாளில் முதல்தடவையாக அவள் சிரித்தாள்.

திருத்திய கட்டுரை கார்த்திகையில் போனது. டிசம்பர் முப்பத்தொன்று அதன் பாட்டுக்கு வந்து போனது. பேராசிரியர் அலைந்து ஆறு மாத அவகாசம் வாங்கித் தந்தார். காளிச்சாமி மனைவியிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்கார உறம்பரையில் யாராவது, "புள்ள இன்னும் முடிக்கலீங்களா?" என்று கேட்டால் மட்டும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

தை மாதம் மறுபடி பதில். முதலாமவர் யானைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாமவர் விடவில்லை. "வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஏழு மரத்துக்கு ஊற்றியவர் எட்டாவதற்கு ஊற்றவில்லை என்பதற்கு என்ன உறுதி? மீதி முப்பத்துமூன்று மரங்களின் வேர்மண்ணையும் எடுத்து அந்த நுண்ணுயிர் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டுங்கள்."

"என்னைய நம்பலயாமா?" என்றாள் சென்னியம்மாள்.

"நம்பறதும் நம்பாததும் இல்லீங்கம்மா. பாக்கோணும்கறாங்க."

அவள் அதை மனதில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் பட்டது. வியாபாரி சொன்ன எடையை நம்பாமல் இவள் தன் தராசில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பதில்லையா?

பனி இறங்குகிற காலைகளில் அவளும் வரலட்சுமியும் வெள்ளை வளைய மரங்களின் அடியைத் தோண்டினார்கள். மரத்துக்கு நாலு திக்கு, முழங்கை ஆழம். பிரியா மண்ணைப் பையிலிட்டு எண் எழுதினாள். நாலு நாள் வேலை. சென்னியம்மாளின் உள்ளங்கை காப்புக் காய்த்தது.

"யாருக்குங்க்கா இந்தப் பாடு?" என்று வரலட்சுமி கேட்டாள்.

"பேரு தெரியாத ஒருத்தருக்கு" என்றாள் சென்னியம்மாள். "ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல. ஆனா தோட்டத்த நம்மளவிட நல்லாப் பாத்திருக்குது."

முடிவு வந்தபோது முப்பத்திரண்டு மரத்தில் அந்த நுண்ணுயிர் இல்லை. நாற்பத்தெட்டாம் மரத்தில் இருந்தது.

பிரியா அம்மாவைப் பார்த்தாள். "சத்தியமா ஊத்தல கண்ணு" என்றாள் சென்னியம்மாள். "அந்தப் பக்கம் நான் வாளி எடுத்துட்டே போகல." இருவரும் போய் நாற்பத்தெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். வாய்க்கால் இல்லை, வழி இல்லை, கட்டுத்தறி இல்லை. எலி வளை ஒன்று இருந்தது. மழைத்தண்ணீர் கொண்டுவந்திருக்கலாம், எதுவும் தெரியவில்லை.

"இப்ப என்ன எழுதுவ?"

"தெரியலைன்னுதான் எழுதோணும். அந்த மரத்தையும் எடுத்துட்டு."

"தெரியலைன்னு எழுதுனா ஒத்துக்குவாங்களா?"

"பாக்கலாமுங்கம்மா."

ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கடைசிவரை இரண்டாமவர் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டினார். மருந்து நோயைக் குணப்படுத்துகிறது என்று இருந்த இடத்திலெல்லாம், சரிவைத் தாமதப்படுத்துகிறது என்று மாற்றச் சொன்னார். பிரியாவுக்கு அதில் மனத்தாங்கல். சென்னியம்மாள் அறுபத்துநாலாம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். புதுக்குருத்து வந்திருந்தது, பழைய மட்டைகள் இன்னும் மஞ்சளாகத்தான் தொங்கின. "அவிய சொல்றதுதான் கண்ணு நெசம்" என்றாள்.

சித்திரையில் கட்டுரை ஏற்கப்பட்டது. பிரியா அந்தப் பத்தியை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டினாள். மருந்து இடாத ஏழு மரங்களுக்குத் தோட்டத்தின் உரிமையாளர் மீந்த கரைசலை ஊற்றியது பின்னர் தெரியவந்ததால் அவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மேலும் ஒரு மரத்தில் நுண்ணுயிர் காணப்பட்டதன் காரணம் தெரியவில்லை. சென்னியம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். காளிச்சாமி, "இத்தன பெரிய எடத்துல உன்ற கோளாற அச்சுப் போட்டுட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஆய்வேடு வைகாசியில் போய்ச் சேர்ந்தது.

ஆடி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கிய ஒரு மதியம். பிரியா சாளைக்குள் கயிற்றுக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன கண்ணு, மறுபடி எதாச்சும் கேக்கறாங்களா?"

"இல்லீங்கம்மா. அதே எடிட்டர்தான். வேற யாரோ எழுதுன பேப்பர அனுப்பி, என்னையப் பாத்துச் சொல்லச் சொல்றாரு."

சென்னியம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உன்னையா? யாரு எழுதுனது?"

"பேரு இருக்காது. இருந்தாலும் உங்ககிட்டச் சொல்லக் கூடாது. உள்ள என்ன இருக்குதுன்னும் சொல்லக் கூடாது."

"செரி, சொல்லாத." தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள். சாரல் ஓட்டில் பொரிந்துகொண்டிருந்தது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தத் தோட்டத்துக்குள்ள ஊடு இருக்குதா?"

"எதுக்குங்கம்மா?"

"ஊடு இருந்தா அங்க ஒருத்தி இருப்பால்ல. தெனமும் அந்த வழியாப் போயிட்டு வந்துட்டு."

பிரியா திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படித்தாள். மண்வகை இருந்தது, மழையளவு இருந்தது, மரங்களின் வயது, இடைவெளி எல்லாம் இருந்தது. இருபத்திரண்டு பக்கமும் முடிந்து மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். சந்தகை ஆறிக்கொண்டிருந்தது.

"ஊடு இருக்குதான்னு இதுல சொல்லலீங்கம்மா" என்றாள்.

விரல்கள் எழுத்துகளின்மேல் போயின. நிதானமாக ஒரு வரி அடித்தாள். அடித்ததை ஒரு தடவை படித்துப் பார்த்து, அதற்கு முன்னால் ஒன்று என்று எண் போட்டாள்.